லண்டன் கீற்றுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்: உயர்திரு செயலர் அவர்கள், வீட்டுவசதித் துறை, லண்டன்.

பொருள்: லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத்துக்குக் கீற்று வேய அனுமதித்தமைக்குப் பாராட்டு – தொடர்பாக.

பார்வை: தங்கள் துறை வெளியில் காட்டாத 2001-ஆம் ஆண்டுச் சோதனை முடிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்கப்புறம்தான் பள்ளிகளில் கீற்றைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கீற்று எரியும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் விட்டு வைத்திருந்தோம். தாங்கள் எங்களைப் போல நாட்டுப்புறம் இல்லை. ஆய்வாளர்களை வைத்து முறைப்படி கொளுத்திப் பார்த்தீர்கள். கிரென்ஃபெலில் பின்னால் வேய்ந்த அலுமினியக் கூட்டுத் தகட்டின் வகை 2001-இலேயே கொழுந்துவிட்டு எரிந்தது. முடிவை ரகசியமாக்கி, விதியை அப்படியே விட்டுவிட்டீர்கள். இந்த நிதானம் எங்கள் அதிகாரிகளுக்குக்கூட வராது.

எங்கள் கடைத்தெருவில் அந்தத் தகட்டுக்கு ஏசிபி ஷீட் என்று பெயர். மேலும் கீழும் மெல்லிய அலுமினியம், நடுவில் பாலிஎத்திலீன். அந்தப் பிளாஸ்டிக் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ மண்ணெண்ணெய் எரிந்த சூடு. உருகிச் சொட்டும், சொட்டிய இடத்திலும் எரியும். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளியோ புகைபோக்கி வேலையைப் பார்க்கும். தங்கள் விதிப்புத்தகத்தின் ‘கிளாஸ் ஜீரோ’ தரம் பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் சோதித்தது. மேற்பரப்பு அலுமினியம்! பிறகென்ன, தேறிவிட்டது.

2009-இல் லண்டனின் லேக்கனல் ஹவுஸ் அடுக்குமாடித் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். விதியைத் தெளிவாக எழுதுங்கள் என்று மரண விசாரணை அதிகாரி 2013-இல் கேட்டார். தங்களுக்கு அப்போது நேரம் ஏது? தொழில்மீது ஒரு பவுண்டு சுமை ஏற்றினால் இரண்டு பவுண்டு இறக்க வேண்டும் என்ற கொள்கை அமலில் இருந்தது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள்கூட அதனால் தள்ளிப்போடப்பட்டன என்று 2024-இல் கிரென்ஃபெல் விசாரணை அறிக்கை சொன்னது. பொறாமையில் சொல்லியிருப்பார்கள்.

கிரென்ஃபெலுக்கு முதலில் பேசியது துத்தநாகத் தகடு. அதை இந்தக் கூட்டுத் தகடாக மாற்றியதில் மிச்சம் 2,93,000 பவுண்டுக்குச் சற்று மேல். மிச்சம் பிடித்தது தாங்கள் அல்ல, கட்டடத்தைப் பராமரித்தவர்கள். தங்களுக்குரிய பெருமையை மட்டுமே தருகிறேன். 2017 ஜூன் 14 அன்று நள்ளிரவு தாண்டி, நான்காம் மாடியில் ஒரு பிரிட்ஜ் பற்றிக்கொண்டது. தீ ஜன்னல் வழியே வெளியேறி அரை மணிக்குள் 24 மாடிக் கட்டடத்தின் உச்சியைத் தொட்டது. தீ ஒரு வீட்டைத் தாண்டாது என்ற நம்பிக்கையில், குடியிருந்தவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இருந்தார்கள். செத்தது 72 பேர். மிச்சத்தை வகுத்துப் பார்த்தேன்: தலைக்கு நாலாயிரம் பவுண்டுச் சொச்சம்.

18 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் கூடாது என்று 2018 டிசம்பரில் தடை போட்டீர்கள். தீ அரை மணியில் ஏறிய உயரத்துக்குத் தங்கள் கோப்பு ஏற 17 வருஷம்.

ஒரு விண்ணப்பம். இங்கே ஜவுளிக்கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை முகப்பெல்லாம் ஏசிபி ஷீட் பளபளக்கிறது. வாங்குபவர் நிறம் கேட்கிறார், சதுர அடி விலை கேட்கிறார். நடுவில் இருப்பது பிளாஸ்டிக்கா, எரியாத கனிமக் கலவையா என்று கேட்பவரை இன்னும் காணோம். அந்த 2001 சோதனை முடிவுதான் இப்போது ரகசியமில்லையே, எங்கள் அனுமதி அலுவலகங்களுக்கும் ஆளுக்கொரு நகல் அனுப்பிவையுங்கள். தபால் செலவை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
கீற்றைப் பிரித்துவிட்டு ஷீட் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்க்காரன்