அச்சு அசல்: மெல்லிசைக் கச்சேரியில் மூலமும் நகலும் குறித்து ஓர் ஆய்வு

கரகாட்டத்துக்கு ஆய்வேடு உண்டு. தெருக்கூத்துக்கு அலமாரி அலமாரியாக உண்டு. அதே திருவிழாவில், அதே பந்தலில், மறுநாள் ராத்திரி நடக்கிற மெல்லிசைக் கச்சேரிக்கு மட்டும் அறிவுலகம் இன்னும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூட எடுத்துப் போடவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் வரையறை. சுவரொட்டியில் ‘மாபெரும் இன்னிசை மழை’ என்றும் ஊர் வாயில் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றும் வழங்கப்படுவது யாதெனில், சினிமாவில் பாடாதவர்கள், சினிமாவில் பாடியவர்களின் குரலில், சினிமாப் பாட்டைப் பாடுவது. சொந்தப் பாட்டுப் பாடினால் கச்சேரி கெட்டது. சொந்தக் குரலில் பாடினால் அடுத்த வருஷம் அழைப்பு கிடையாது.

கேட்போரை இவ்வாய்வு இரு வகையாகப் பிரிக்கிறது. மேடைக்கு முன்னால் ஆடுவோர் முதல் வகை. பாட்டு எதுவானாலும் இவர்களுக்குச் சம்மதம் என்பதால் ஆய்வுக்குப் பயன்பட மாட்டார்கள். இரண்டாம் வகையினர் டீக்கடை ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்போர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கேசட் காலத்தில் ஒரே பாட்டை நாடா தேயத் தேயக் கேட்டவர்கள். இவர்களே நீதிபதிகள். பாட்டு முடிந்து ஊரே கைதட்டும்போது இவர்களில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், “ரெண்டாவது சரணத்துக்கு முன்னால ஒரு புல்லாங்குழல் பிட்டு வரும், விட்டுட்டான் பாத்தீங்களா” என்பார். பாடகர் சுருதி விலகினாரா, தாளம் தப்பினாரா என்பதெல்லாம் இவருக்குப் பொருட்டில்லை. விடுபட்டது எது என்பதே வழக்கு. இவருடைய மூலம் இசையமைப்பாளரின் மனத்தில் இல்லை, சுரத்தாளில் இல்லை, தம் வீட்டு டேப் ரெக்கார்டரில் இருக்கிறது.

இந்த நீதிபதியைத் திருப்திப்படுத்த மேடையில் நடக்கிற பாட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இளையராஜாவின் ஒலிப்பதிவில் ஒரு கூடம் நிறைய வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசித்ததை, இங்கே கீபோர்டுக்காரத் தம்பி வலது கையால் வாசிக்கிறார். இடது கை அதே நேரத்தில் ஷெனாய். தபேலா, டோலக், கடம், ஜாலரா எல்லாம் ஆக்டோபேட் என்ற கருவிக்குள் குடியிருக்கின்றன. ரோலண்ட் நிறுவனம் இதை 1985-இல் கொண்டுவந்தது. எட்டே ரப்பர் கட்டம், இரண்டு குச்சி. தவில் வேண்டுமென்றால் ஒரு பொத்தான். தட்டுகிறவர் முகத்தில் உணர்ச்சி ஏதும் தெரியாது. அது கருவியில் இல்லாத ஒலி என்பதால் இருக்கலாம்.

‘கேளடி கண்மணி’யில் (1990) எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடியதாகப் பேர் வாங்கிய பாட்டு, இத்துறையின் நுழைவுத் தேர்வு. அதில் ஒலிப்பதிவுக்கூடத்தின் உபயமும் உண்டு என்பது எஸ்.பி.பி.யே ஒளிக்காத சங்கதி. ஆனால் உள்ளூர் எஸ்.பி.பி.க்கு அந்தச் சலுகை கிடையாது. நேரே நின்று பார்த்தால் தெரியும்: சரணத்தின் நடுவில் அவர் மைக்கை ஒரு விரற்கடை கீழே இறக்குவார், ரசிகர்களைப் பார்த்துக் கும்பிடுகிற பாவனையில் தலையைக் குனிவார், அந்தக் கணத்தில் கீபோர்டு சற்றே உரக்கும், மைக்செட்காரர் எக்கோவைக் கூட்டுவார். மூன்று பேர் சேர்ந்து விட்ட மூச்சு அது. அசலில் ஒரு இயந்திரம் செய்ததை நகலில் மனிதர்கள் செய்கிறார்கள் என்றால், எது அசல் என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்வியை டி.எம். சௌந்தரராஜன் இன்னும் சிக்கலாக்குகிறார். நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம், பட்டு வேட்டி சகிதம் மேடையேறும் உள்ளூர் டி.எம்.எஸ்., சிவாஜி படப் பாட்டைப் பாடும்போது யாரை நகலெடுக்கிறார்? டி.எம்.எஸ்ஸை. டி.எம்.எஸ். அந்தப் பாட்டில் யாரை நகலெடுத்தார்? சிவாஜியை. எம்.ஜி.ஆருக்கு ஒரு தொண்டை, சிவாஜிக்கு ஒரு தொண்டை என்று இரண்டு வைத்திருந்தவர் அவர். ஆக மேடையில் நிற்பது நகலின் நகல். அதோடு முடிந்தால் தேவலை. டி.எம்.எஸ்ஸின் முதல் சினிமாப் பாட்டு ‘கிருஷ்ண விஜயம்’ (1950) படத்தில் வந்தது. அதை அவர் பாடியது எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாணியில். நம் மூலவரே உற்சவராகப் புறப்பட்டவர்தான்.

வெளிநாட்டு நிலவரத்தையும் பார்த்துவிடுவது ஆய்வு மரபு. பிரிட்டனில் ‘பூட்லெக் பீட்டில்ஸ்’ என்ற குழு 1980 முதல் பீட்டில்ஸ் வேஷம் கட்டிப் பாடி வருகிறது. அசல் பீட்டில்ஸ் சேர்ந்திருந்ததைவிட நகல் பல மடங்கு காலம் ஓடிவிட்டது. பால் மெக்கார்ட்னி இடதுகைக்காரர் என்பதற்காக, வலதுகைக்காரராகப் பிறந்தும் கிதாரைத் திருப்பிப் பிடித்துப் பழகிய நகல் பால்கள் உண்டு. அசல் பீட்டில்ஸ் பாடிய லிவர்பூல் நகரத்துக் கேவர்ன் கிளப் 1973-இல் மூடப்பட்டது. 1984-இல் பழைய செங்கற்களில் ஒரு பகுதியையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். நகல் கட்டடத்தில் இன்று நகல் பீட்டில்ஸ் பாடுகிறார்கள். டிக்கெட் மட்டும் அசல்.

இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29-இல் சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோடு ஊர் ஊராய்ப் போய்ப் பாடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்பு (1967) அதற்குப் பிறகு, ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறந்தது. அதை முழுசாக மேடையில் வாசித்துக் காட்டியது நெதர்லாந்தின் ‘அனலாக்ஸ்’ குழு, அதுவும் அதே காலத்துப் பழைய கருவிகளைத் தேடிப் பிடித்து. அசல்காரர்கள் செய்யாத கச்சேரிக்கு இது எப்படி நகலாகும்? நம் சினிமாப் பாட்டுகளில் பெரும்பகுதியும் இதே ரகம்தான். பதிவான நாளோடு அசல் வாத்தியக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வருஷா வருஷம் அதை உயிரோடு வாசிப்பவர் நம் கீபோர்டுக்காரத் தம்பி ஒருவரே.

இனி சட்டம். ‘அன்னக்கிளி’ (1976) வருவதற்கு முன், எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் அவர் சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள். அதாவது ஊரார் பாட்டை மேடையில் வாசித்தே இவர்கள் எல்லாரும் கைபழகியவர்கள். 2017-இல், தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனது. பின்னர் 2019-இல் இருவரும் ஒரே மேடையில் சேர்ந்துகொண்டார்கள், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் இடைப்பட்ட காலத்தின் விசித்திரத்தை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். பாடினவர் பாடத் தயங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளூர் எஸ்.பி.பி. முத்துமாரியம்மன் சாட்சியாகத் தங்குதடையின்றிப் பாடிக்கொண்டிருந்தார். இன்னொன்று: எஸ்.பி.பி. மேடையில் சங்கதியை மாற்றியதுண்டு, நடுவில் சிரித்ததுண்டு. டீக்கடை நீதிபதி இதைக் கேட்டால், “கேசட்ல இப்படி இல்லையே” என்றுதான் சொல்வார். உள்ளூர்க்காரர் ஒரு சங்கதியையும் மாற்றுவதில்லை. சிரிப்பு கேசட்டில் இருந்தால் மட்டும் அதே இடத்தில் சிரிப்பார்.

இவற்றால் பெறப்படும் முடிபு: பாட்டுக்கு மிகவும் விசுவாசமானவர், அந்தப் பாட்டின் மீது எந்த உரிமையும் இல்லாதவர்.

கடைசியாக நடைமுறை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அரசு விலக்குத் தரும் சில நாட்களில் நள்ளிரவு வரை போகலாம். எனவே கச்சேரியின் கடைசிப் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர், ஜீப்பில் வரும் சப்-இன்ஸ்பெக்டர். துண்டுச் சீட்டில் பாட்டுக் கேட்டுக் காத்திருக்கும் அன்பர்கள் இதை மனத்தில் வைத்து முன்கூட்டியே சீட்டைக் கொடுப்பது நல்லது. விழாக் கமிட்டியாருக்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: பேசிய தொகையில் பாக்கியை வேன் கிளம்புவதற்கு முன் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று ஆக்டோபேடுக்காரரை மறுபடி பஸ் ஏற வைக்காதீர்கள்.