யூனிக்சில் டெஸ்க்டாப் நிறுவலும் தோட்டத்து நிர்வாக மரபும்: நெகிரி செம்பிலானை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

யூனிக்ஸ் கணினியில் டெஸ்க்டாப் நிறுவுவது கணினிப் பொறியியலைச் சார்ந்தது என்று அறிஞர்கள் இதுநாள்வரை நம்பி வந்தனர். அது தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்தது என்பதை இக்கட்டுரை ஐயந்திரிபற நிறுவுகிறது. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், கிம்மாஸ் வட்டாரங்களில் லயத்து வீட்டில் வளர்ந்த எவருக்கும் யூனிக்ஸ் புதிய பொருள் அன்று. அதற்குள்ளேதான் அவர்கள் பிறந்தார்கள். ஆய்வின் போக்கில் எதிர்பாராத ஓர் உண்மையும் அகப்பட்டது. கருதுகோளுக்கு அது எவ்வகையிலும் உதவவில்லை என்பதால் ஐந்தாம் இயலுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.

1. ஆய்வுச் சிக்கல்

டெஸ்க்டாப் நிறுவப்படாத யூனிக்ஸ் கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பயனர் பெயரை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா நிற்கும். இதைக் கண்ட நம்மவர்கள் இரு பிரிவாகப் பிரிகிறார்கள். இளையவர்கள், “கெட்டுப்போச்சு” என்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துப் பழகிய மூத்தவர்கள், “பேர் கேக்குது, சொல்லு” என்கிறார்கள். பின்னவர் கூற்றே சரி. ஆனால் முன்னவரிடம் பட்டம் இருக்கிறது. இந்த முரணே ஆய்வுக்கு வித்து.

2. காலநிரல் ஒப்பீடு

யூனிக்சின் வரலாறும் தோட்டத்தின் வரலாறும் ஒன்றையொன்று நிழலாகத் தொடர்கின்றன என்பதற்குச் சான்றுகள் மூன்று.

முதற்சான்று 1969. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்சைத் தொடங்கிய ஆண்டு அது. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று கோப்புதோறும் அனுமதி எழுதி ஒட்டுவது அம்முறையின் தனிச்சிறப்பு. அதே ஆண்டில் மலேசியாவில் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாதென்று ஆயிற்று. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்னும் செய்தியைத் தோட்டப்புறம் எந்தத் திரையும் இல்லாமலே படித்துவிட்டது.

இரண்டாம் சான்று 1981. ஏப்ரலில் ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்ற கணினியை வெளியிட்டது. கோப்புறை, தாள், தபால்பெட்டி எல்லாம் குட்டிப் படங்களாகத் திரையில் வந்து உட்கார்ந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் மலேசிய முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. கத்ரி தோட்டங்கள் மலேசியர் கைக்கு வந்தன. மேலே ஆள் மாறினாலும் கீழே இருப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியக்கூடாது என்பது நல்ல மென்பொருள் வடிவமைப்பின் இலக்கணம். மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போனவர்கள் அவ்விலக்கணத்துக்கு வாழும் எடுத்துக்காட்டு ஆனார்கள்.

மூன்றாம் சான்று 1998. ஜூன் 27இல் செம்பனைத் தோட்டங்கள் இருந்த சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறப்பு விழா கண்டது. ஜூலை 12இல் கேடிஈ டெஸ்க்டாப்பின் முதற்பதிப்பு வெளிவந்தது. இடைவெளி 15 நாள். இரண்டும் கண்ணுக்கு அழகு. இரண்டுக்கும் இடம் நிறைய வேண்டும்.

இவை தற்செயல் அல்லவோ எனின், அல்ல. தற்செயல் என்று ஒப்புக்கொண்டால் கட்டுரை இத்துடன் முடிந்துவிடும் ஆதலின் என்க.

3. கோட்பாட்டுச் சட்டகம்

யூனிக்சின் நடுவில் கெர்னல் இருக்கிறது. நினைவகம், வட்டு, திரை எல்லாம் அதன் பொறுப்பு. அதனோடு யாரும் நேரில் பேசுவதில்லை. இது துரை. பயனருக்கும் கெர்னலுக்கும் நடுவே ஷெல் நிற்கிறது. நாம் சொல்வதை வாங்கி, உள்ளே போய்ச் சொல்லி, விடையைக் கொண்டுவந்து தருகிறது. பிழை என்றால் ஒரே வரியில் திட்டுகிறது. இது கங்காணி. யார் யார் இருக்கிறார்கள் என்று பெயரும் எண்ணும் பதிந்த கோப்பு ஒன்று உண்டு. அது கிராணி எழுதும் செக்ரோல். எல்லா உரிமையும் பெற்ற ரூட் என்பவர் லண்டனில் இருக்கும் கம்பெனி. அன்றாட வேலைக்கு அவர் வரக்கூடாது என்று எல்லாக் கையேடுகளும் எச்சரிக்கின்றன. அவரும் வந்ததில்லை.

இனி எக்ஸ் சாளர முறை. 1984இல் எம்ஐடியில் பாப் ஷீஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கியது. 1987இல் வெளியான 11ஆம் பதிப்பே இன்றுவரை வழங்குகிறது. இதில் மாணவர்களைக் காலங்காலமாகக் குழப்புவது ஒன்று: நம் முன்னால் இருக்கும் திரைக்கு வழங்கி என்று பெயர், எங்கோ தொலைவில் ஓடும் நிரலுக்கு வாடிக்கையாளர் என்று பெயர். பேராசிரியர்கள் பலகையில் படம் வரைந்தும் விளங்காத இவ்விடம் தோட்டத்துக்காரர்களுக்குத் திடலிலேயே விளங்கிவிட்டது. அங்கே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். நடிகர்கள் இருப்பது கோடம்பாக்கத்தில். துணியும் விளக்கும் இருப்பது இங்கே. எந்தப் படம் வந்தாலும் துணி காட்டும். துணிக்கென்று கதை கிடையாது. ‘இயங்குமுறையைக் கொடு, கொள்கையை விதிக்காதே’ என்ற எக்ஸின் கோட்பாடு இதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் டெஸ்க்டாப் எது? ஆய்வின் மையக் கேள்வி இதுவே. கறுப்புத் திரையில் இருந்த கங்காணியை அது நீக்கவில்லை. அவர் பக்கத்தில் சலவைச் சட்டை போட்ட இன்னொரு கங்காணியை வைக்கிறது. நாம் சொடுக்குகிறோம், புதியவர் பழையவரிடம் கேட்காமலே துரையிடம் சொல்கிறார். ஆள்கட்டும் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. புதியவர் அதை நினைவகத்தில் பிடித்துக்கொள்கிறார். இந்தியா 1938இல் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்ததோடு கங்காணி முறை முடிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் யாரும் டெஸ்க்டாப் நிறுவிப் பார்த்ததில்லை.

4. கள ஆய்வு

ரந்தாவ் வட்டாரத்தில், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வாழும் வீடமைப்பு ஒன்றில் பழைய கணினி தெரிவு செய்யப்பட்டது. தகவலாளர் இருவர். தகவலாளர் அ, பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி. தகவலாளர் ஆ, பாலிடெக்னிக்கில் படிக்கும் பேரன். நிறுவப்பட்டது யூனிக்சைப் பின்பற்றிய லினக்ஸ். பதிப்பு டெபியன் 12.

அடிப்படை நிறுவல் முடிந்ததும் எந்த டெஸ்க்டாப் வேண்டும் என்ற பட்டியல் வந்தது: குனோம், எக்ஸ்எஃப்சிஈ, குனோம் ஃப்ளாஷ்பேக், கேடிஈ பிளாஸ்மா, சின்னமன், மாத்தே, எல்எக்ஸ்டிஈ, எல்எக்ஸ்கியூடி. பாட்டி பட்டியலைப் பார்த்தார்.

“இத்தனை எதுக்குடா?”

“எல்லாம் ஒரே வேலைதான் பாட்டி. சண்ட போட்டுக்கிட்டு ஆளுக்கு ஒண்ணு செஞ்சிட்டாங்க.”

“தோட்டத்தத் துண்டு போட்டாங்களே, அந்த மாதிரியா?”

இக்கூற்று ஆழமானது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறு போட்டு விற்க, வேலையும் வீடும் ஒருசேரப் போயின. இதை எதிர்கொள்ள துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரே மாதாமாதம் பணம் போட்டுத் தோட்டத்தை வாங்குவது திட்டம். டெஸ்க்டாப் உலகிலும் சிக்கல் நிலவுரிமைதான். 1996இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய கேடிஈ, கியூட்டி என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. கியூட்டியோ அன்று கட்டற்ற மென்பொருள் அன்று. அடுத்தவன் நிலத்தில் வீடு கட்டமாட்டோம் என்று மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997இல் குனோமைத் தொடங்கினார்கள். 2000இல் கியூட்டி பொது உரிமத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் இரு தரப்பும் வீடு கட்டிக் குடியேறிவிட்டபடியால் யாரும் காலி செய்யவில்லை.

எக்ஸ்எஃப்சிஈ தெரிவு செய்யப்பட்டது. தலைக்காசு குறைவாக வாங்குபவர் என்பது காரணம். நிறுவிய பின் பேரன் ‘சூடோ’ என்ற கட்டளையை இட்டார். ரூட்டின் அதிகாரத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் கடன் கேட்பது அது. டெபியனை நிறுவும்போது ரூட்டுக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்துவிட்டால், சாதாரணப் பயனருக்கு இந்த உரிமை வராது. உமது பெயர் பட்டியலில் இல்லை என்று விடை வந்தது. பழைய பதிப்புகளில் ‘இந்நிகழ்வு புகார் செய்யப்படும்’ என்றும் சேர்த்துச் சொல்லும் எனப் பேரன் விளக்கினார்.

“யார்கிட்ட புகார் பண்ணும்?”

“அது யாருக்குமே தெரியாது பாட்டி.”

“கிராணிகிட்டதான்டா. வேற யார்கிட்ட?”

கணினி உலகம் நெடுங்காலமாகக் கேலியாகக் கேட்டுவந்த வினாவுக்கு இவ்வாறு ரந்தாவில் விடை கிடைத்தது.

5. எதிர்பாராத கண்டறிதல்

நிறுவலின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். டெபியன் நிறுவி தமிழிலும் பேசும். பேரன் தமிழைத் தெரிவு செய்தார். எந்த நாடு என்று கேட்டது. மலேசியா என்றார். இந்த மொழிக்கும் இந்த நாட்டுக்கும் பொருந்தும் லொக்கேல் எதுவும் இல்லை, இருப்பவற்றில் ஒன்றைத் தெரிவு செய்க என்று திரும்பி வந்தது. தமிழுக்கென்று இருந்தவை இரண்டு: இந்தியா, இலங்கை.

லொக்கேல் என்பது ஒரு மொழி ஒரு நாட்டில் எப்படி வழங்குகிறது என்ற தகவல் தொகுப்பு. காசின் குறி, நாள் எழுதும் முறை, தொலைபேசி முன்னெண் முதலியன அதில் இருக்கும். யூனிகோடு கூட்டமைப்பின் தரவுத் தொகுப்பில் மலேசியத் தமிழுக்குத் தனி இடம் உண்டு; நாம் ரிங்கிட்டில் கணக்குப் பார்ப்பதும், லட்சமாகப் பிரிக்காமல் மும்மூன்று இலக்கமாகக் காற்புள்ளியிடுவதும் அங்கே பதிவாகியிருக்கின்றன. லினக்சின் அடித்தளமான கிளிப்சி நூலகத்தில் அந்தப் பதிவு இல்லை.

பேரன் இந்தியாவைத் தெரிவு செய்தார். டெஸ்க்டாப் தமிழில் எழுந்தது. காசு ரூபாய் ஆனது, முன்னெண் 91 ஆனது. நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கும் குடும்பத்தைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர், இந்தியாவா இலங்கையா என்று கணினி கேட்டது. பாட்டி இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இதைவிடக் கடினமான முகத்தோடு இதே கேள்வியைக் கேட்ட அலுவலகங்களை அவர் பார்த்திருக்கிறார்.

மலேசியத் தமிழர் கணினிக்கு ஒன்றும் செய்யாதவர்கள் என்று இதற்குக் காரணம் கற்பிக்க முடியாது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிளின் மேக் கணினிகளில் உடன் வருகிறது. அந்த மேக் இயங்குதளமோ 2007இல் முறைப்படி யூனிக்ஸ் சான்றிதழ் பெற்றது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. யூனிக்சுக்குத் தமிழ் எழுத்துக் கொடுத்த நாட்டின் தமிழுக்கு லினக்சில் ஒரு வரி முகவரி இல்லை.

6. மறுப்பும் விடையும்

‘மொழியை இந்தியத் தமிழ் என்று வைத்துக்கொண்டு, காசை மட்டும் மலேசிய மலாய் லொக்கேலிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே’ எனின், எடுத்துக்கொள்ளலாம். பேரன் அதைத்தான் செய்தார். அமைப்புக் கோப்பில் மொழிக்கு ‘டிஏ_ஐஎன்’, பணத்துக்கு ‘எம்எஸ்_எம்ஒய்’ என்று எழுதியதும் ரிங்கிட் வந்துவிட்டது. பேச்சு ஓரிடம், சம்பளம் ஓரிடம் என்ற ஏற்பாடு வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. தோட்டப்புறமும் அப்படித்தான் நெடுங்காலம் வேலை செய்தது.

7. முடிவும் பரிந்துரையும்

டெஸ்க்டாப் நிறுவல் தோட்ட நிர்வாகமே என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். இதை மறுப்போர் ஒருமுறை பெரட்டுக்கு நின்று பார்த்துவிட்டு எழுதுவார்களாக.

ஐந்தாம் இயலின் கண்டறிதலுக்கு மட்டும் ஆய்வு போதாது, ஆள் வேண்டும். லொக்கேல் என்பது வெறும் உரைக்கோப்பு. புதிதாக எல்லாவற்றையும் எழுத வேண்டியதும் இல்லை. எழுத்து இயல்புகளுக்கு இந்தியத் தமிழ்க் கோப்பை நகலெடு, பணத்துக்கு மலேசிய மலாய்க் கோப்பை நகலெடு என்று ஓரிரு வரி எழுதினாலே கணினி எடுத்துக்கொள்ளும். தொலைபேசி முன்னெண் 60 என்று போட வேண்டும். ‘டிஏ_எம்ஒய்’ என்று பெயர் வைத்து, கிளிப்சி திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. இந்த ஆய்வாளரிடம் அது இருந்தும் பயன்படவில்லை. நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் கணினி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், ஒரு பள்ளி விடுமுறையில், இரண்டு மாணவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை முடித்துவிடலாம். யாரேனும் தொடங்குங்கள்.