வாளித்திணை: விடுதியின் முதல் வாரம் பற்றி ஓர் இலக்கண ஆய்வு

முன்னுரை

தொல்காப்பியர் அகத்திணை ஏழு என்றார். கைக்கிளையை ஒரு முனையிலும் பெருந்திணையை மறுமுனையிலும் நிறுத்தி, நடுவில் ஐந்தை வைத்தார். மலைக்கு இடம் கிடைத்தது. காட்டுக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் கிடைத்தது. மூன்று கட்டில், மூன்று அலமாரி, ஒரே ஒரு பிளக் பாயின்ட் கொண்ட நிலத்துக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அவர் காலத்தில் கல்லூரி விடுதி கிடையாது என்பதால் இதை அவர் மேல் குற்றமாகச் சுமத்த முடியாது.

நம் காலத்தவர் தப்ப முடியாது. இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. ஆக, நிலத்தை அளப்பதற்கென்றே இந்த ஊரில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தப் பிள்ளைகள் தங்கும் நிலம் எந்தத் திணை என்பதை மட்டும் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க எழுந்தது.

திணைக்குப் பெயர் வேண்டும். பழந்திணைகள் பூவின் பெயரால் வழங்குவன. விடுதியில் பூ பூப்பதில்லை. பல நிறத்தில், எல்லா அறை வாசலிலும், எல்லாப் பருவத்திலும் காணப்படுவது பிளாஸ்டிக் வாளி ஒன்றே. ஆகவே இதற்கு வாளித்திணை என்று பெயரிடுகிறோம். அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது மரபு. அம்மரபைப் போற்றி, இக்கட்டுரையில் எந்தக் கல்லூரியின் விடுதி, யாருடைய வாளி என்பது சொல்லப்படாது.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

முதற்பொருள் இரண்டு. முதலாவது நிலம். பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். விடுதிக்கும் இது பொருந்தும். வீடு தன் இயல்பு கெட்டு, பள்ளிக்கூடமும் தன் இயல்பு கெட்டு, இரண்டும் ஒரே கட்டடத்தில் சந்தித்தால் அது விடுதி.

இரண்டாவது பொழுது. பெரும்பொழுது ஆவணியும் புரட்டாசியும். பொறியியல் கலந்தாய்வு முடிந்து முதலாண்டு வகுப்பு தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். ஆடியில் எதையும் தொடங்காத வீடுகளுக்கு இது வசதி. முன்பெல்லாம் கலந்தாய்வுக்குக் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழக மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்து, அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நாலு கல்லூரியைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். 2018 முதல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போய்விட்டது. அதனால் பல பிள்ளைகள் தங்கள் கல்லூரி வாசலை முதன்முதலாகப் பார்ப்பதே ஒரு கையில் பெட்டியும் மறு கையில் வாளியுமாக வந்து இறங்கும் நாளில்தான்.

சிறுபொழுது இரண்டு. காலை ஆறரை, அதாவது குளியலறைப் பொழுது. இரவு ஒன்பது, அதாவது அம்மா பேசும் பொழுது. இவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தில் வகுப்பு நடப்பதாகச் சொல்கிறார்கள்.

கருப்பொருள்

தெய்வம்: வார்டன். இருக்கிறார் என்பதில் ஐயமில்லை. நோட்டீஸ் போர்டில் பச்சை மைக் கையெழுத்தாகக் காட்சி தருவார். நேரில் கண்டவர்கள் அதன்பின் பெற்றோரோடுதான் திரும்பி வந்திருக்கிறார்கள். காவல் தெய்வம் வாட்ச்மேன் அண்ணன். பூட்டிய கேட்டைத் திறக்கும் வரம் அவர் கையில் உள்ளது.

உணவு: இருவகை. மெஸ்ஸில் கிடைப்பது ஒன்று. ஊரிலிருந்து வந்தது மற்றொன்று. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, ஊறுகாய் ஆகியன இரண்டாம் வகை. ஒரு மாதத்துக்கு என்று சொல்லி அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு, அறைக்கதவைத் தாழிட மறந்த முதல் இரவே தீர்ந்துவிடும்.

விலங்கு: மெஸ் வாசல் பூனை. பறவை: ஜன்னல் விளிம்பில் குடித்தனம் நடத்தும் புறா. மரம்: துணிக்கொடி கட்டிய வேம்பு. பறை: தண்ணீர் வரப்போவதை அறிவிக்கும் மோட்டார் சத்தம். யாழ்: பக்கத்து அறை புளூடூத் ஸ்பீக்கர். தொழில்: வரிசையில் நிற்றல், ஜெராக்ஸ் எடுத்தல்.

தொழிலை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை நகல் வேண்டும் என்பதை எந்த அலுவலகமும் ஒரே முறையில் சொல்லாது. முதல் கவுன்ட்டரில் ‘ரெண்டு செட்’ என்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால், அடுத்த கவுன்ட்டரில் ‘அந்த ரெண்டு செட் எங்க?’ என்பார்கள். கோவலன் ஒரு சிலம்போடு மதுரைக்குப் போனது போல, ஒரே ஒரு போட்டோவோடு அலுவலகத்துக்குப் போகிறவனுக்கு நல்லது நடந்ததாக வரலாறு இல்லை.

மக்கட்பெயர்

கருப்பொருளை ஒட்டி ஆராய வேண்டியது பெயர். குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் தொகுத்தவர்கள் வைத்தார்கள். நெடும் பழமை கொண்ட இந்த முறை இன்றும் உயிரோடு இருப்பது விடுதியில் மட்டுமே. முதல் நாள் ‘வெந்நீர் எத்தன மணிக்கு வரும்?’ என்று வெள்ளந்தியாகக் கேட்டவன் நான்காண்டும் ‘வெந்நீர்’தான். ஒன்றும் பேசாமல் வாய்மூடி இருந்தவர்களுக்கு ஊர்ப்பெயர் போதும்: தர்மபுரி, பரமக்குடி, செய்யாறு.

இங்கே ஓர் எல்லைக்கோடு தேவை. ஓரறையில் இருப்பவர்கள் தமக்குள் சூட்டிக்கொள்வது மட்டுமே இந்த ஆய்வுக்கு உட்பட்டது. சீனியர் மிரட்டிச் சூட்டினால் அது இலக்கணம் ஆகாது, குற்றமாகும். தமிழ்நாடு 1997இல் இயற்றிய ராகிங் தடைச் சட்டப்படி அதற்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு.

உரிப்பொருள்

வாளித்திணையின் உரிப்பொருள் சமாளித்தலும் சமாளித்தல் நிமித்தமும்.

சங்கப் பாட்டில் மகள் உடன்போக்கில் போய்விட்டால், வீட்டில் நற்றாய் இரங்குவாள். அவளுக்குச் செய்தி சொல்ல வழியில் வருவோரைப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்றைய நற்றாய்க்கு அந்தச் சிரமமில்லை. பிள்ளையை விட்டுவிட்டுக் கிளாம்பாக்கத்தில் தென்மாவட்டப் பேருந்து ஏறி, வண்டி செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் முதல் அழைப்பு வந்துவிடும்.

“சாப்டியாப்பா?”

“சாப்டேம்மா.”

“என்ன போட்டாங்க?”

இந்தக் கேள்விக்குத்தான் அவன் தயாராக இல்லை. மெஸ் எந்தப் பக்கம் என்பதே இன்னும் தெரியாது. அப்பாவின் குரல் பின்னாலிருந்து வருகிறது: “பணத்தப் பத்திரமா வச்சிருக்கானான்னு கேளு.” அவன் வராந்தா முனைக்குப் போய் நின்று, எதிரே தெரியும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, “தோசைம்மா. நல்லா இருந்துச்சு” என்கிறான். அதே வராந்தாவில், அதே நேரத்தில், ஆளுக்கொரு தூணடியில் நின்று இன்னும் பலர் இதே தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பதில்லை. இதுவே முதல் வாரத்தின் உண்மையான சிக்கல்: எல்லோருக்கும் ஒரே துயரம் இருக்கிறது, ஆனால் பேச்சைத் தொடங்கச் சாக்கு இல்லை.

அந்தச் சாக்கை உண்டாக்கித்தர அரசு முயன்றிருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வாரப் புகுமுகப் பயிற்சியை வகுத்தது. உடற்பயிற்சி, கலை, இலக்கியம், மனித விழுமியம், அறிஞர் உரை எல்லாம் அதில் உண்டு. நோக்கம் நல்லது. நடப்பது வேறு. குளிரூட்டிய அரங்கில் அறிஞர் பேசுகிறார். பன்னாடையான நெய்யரி முதல் அன்னம் வரை, நன்னூல் எட்டு உவமையில் வகுத்த மாணாக்கர் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து தூங்குகிறார்கள். அந்த எட்டில் ஒன்று இல்லிக்குடம், அதாவது ஓட்டைப் பானை. மாணாக்கனுக்கும் நீர்ப்பாத்திரத்துக்கும் உள்ள உறவை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் கண்டுவிட்டார் என்பதைப் பின்வரும் இயலுக்குச் சான்றாகக் கொள்க.

புறத்திணை: வாளிப் போர்

அகம் இருந்தால் புறமும் இருக்கும். போரின் தொடக்கம் வெட்சி, அதாவது பகைவரின் ஆநிரையைக் கவர்தல். விடுதியிலும் அப்படியே. காலை ஆறரைக்கு மோட்டார் முழங்கியதும், அரைத்தூக்கத்தில் எழுந்தவன் கைக்கு எட்டிய வாளியைக் கவர்ந்து செல்கிறான். ஆநிரைக்குச் சூடு போட்டது போல வாளிக்கும் அடையாளம் இடுவதுண்டு: ஆண்கள் விடுதியில் மார்க்கர், பெண்கள் விடுதியில் நெயில் பாலிஷ். இரண்டும் அரைத்தூக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் இதை வெட்சிக்குள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை இரண்டையும் தனித்தனித் திணையாகப் பிரித்தது. வாளி விஷயத்தில் தொல்காப்பியர் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் தன் வாளியைத் தேடிப் போகிறவன் பெரும்பாலும் வேறொருவனுடைய வாளியைத்தான் மீட்டு வருகிறான்.

மற்றவை வெளிப்படை. குளியலறைக் கதவை வெளியிலிருந்து தட்டுதல் உழிஞை. உள்ளே தாழிட்டுக்கொண்டு ‘ரெண்டே நிமிஷம்’ என்று கோட்டையைக் காத்தல் நொச்சி. ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்புக்கு டோக்கன் கொடுக்கும் இடத்தில் இருபடையும் நேருக்கு நேர் மோதுதல் தும்பை. லெக் பீஸோடு வெளியே வருதல் வாகை.

இனி இந்த ஆய்வின் மையச் சான்று. பரமக்குடிப் பிள்ளை ஒருவன், நான்கு நாளாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடந்தவன், ஒரு காலையில் தன் நீல வாளியைக் காணாமல் வெளியே வந்தான். முதல் கதவைத் தட்டினான். அங்கே வாளி இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. அடுத்த அறையில் இஸ்திரிப் பெட்டி. அதற்கடுத்த அறையில், கணக்கு வாத்தியார் முதல் வகுப்பில் ஒப்பித்தது புரிந்த ஒரே ஆள். அதற்கும் அடுத்ததில் பழைய மினி டிராஃப்டரைப் பாதி விலைக்குத் தரும் சீனியரைத் தெரிந்தவன். வராந்தாவின் கடைசி அறையில் வாளி இருந்தது. அதற்குள் யாருடையதோ ஒரு ஜீன்ஸ் ஊறிக்கொண்டிருந்தது.

“ப்ரோ, இது என் பக்கெட்.”

“அப்படியா? தண்ணி வந்துருச்சுன்னு கைக்குக் கெடச்சத எடுத்தேன் ப்ரோ. இப்பதான் ஊறப் போட்டிருக்கேன், கொஞ்ச நேரம் குடுங்க. உள்ள வாங்க, சீடை இருக்கு.”

உள்ளே போனவன் மதியம் மெஸ்ஸுக்கு அங்கிருந்துதான் போனான், நாலு பேரோடு. அன்று இரவு அம்மாவிடம் ‘சாப்டேன்’ என்று அவன் சொன்னது உண்மை. மூன்று வாரப் பயிற்சி செய்ய நினைத்ததை ஒரு காலைப்பொழுதில் ஒரு வாளி செய்து முடித்தது.

தடையும் விடையும்

தடை ஒன்று: இக்காலத்து மாணவனுக்குத் துணை செல்போன் அல்லவா, வாளிக்கு என்ன முக்கியத்துவம்? விடை: செல்போன் அவனை ஊரிலேயே வைத்திருக்கும். பள்ளி நண்பர்களின் குரூப்பில் இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பவன் விடுதிக்கு வந்ததாகவே கணக்கில்லை. வாளி அவனை அறையைவிட்டு வெளியே இழுக்கும்.

தடை இரண்டு: புதிய விடுதிகளில் ஷவர் வந்துவிட்டதே, திணை அழியாதா? விடை: ஷவரில் துணி ஊறவைக்க முடியாது. சலவை இயந்திரம் வைத்தாலும் அதற்கு முன்னால் வரிசை இருக்கும்; வரிசையில் இடம் போட்டு வைக்க வாளி வேண்டும்.

தடை மூன்று: களவை நல்லதென்று சொல்லலாமா? விடை: தமிழ் அகப்பொருளில் களவுக்குப் பின்தான் கற்பு. அந்த வரிசையை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. பணமும் போனும் லேப்டாப்பும் இந்த விதிக்குள் அடங்கா. அவற்றைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

முடிவுரை

ஆய்வின் முடிபு இதுவே: முதலாண்டு மாணவன் விடுதியில் குடியேறுவது கட்டணம் கட்டிய அன்றோ சாவி வாங்கிய அன்றோ அல்ல, வாளி தொலைந்த அன்று.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுதி வாசல் கடையில் மூடி போட்ட வாளி, பூட்டு மாட்டும் வாளி என்று விலை கூடியதைத் தேடாதீர்கள். எல்லோரும் வாங்குகிற சாதாரண வாளியே போதும். முறுக்கை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று: வாளியைக் காணவில்லை என்றால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வராந்தாவில் உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிப் பாருங்கள்.