நூத்தியெட்டு உருப்படி வாங்குன மாப்ளைக்கு

வாரும் வே மாப்ளே, இப்படி நெழல்ல இரியும். கக்கத்துல என்ன பெட்டி? தொறந்துதான் காட்டுமேன், நான் பாத்தா கண்ணா பட்டுரும்? அடேயப்பா, நூத்தியெட்டு உருப்படி! பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கத்தான் நூத்தியெட்டுன்னு நேந்துக்கிடுவாங்க. நீரு ஸ்க்ரூ முடுக்கவே நேந்துக்கிட்டீரு போலுக்கு. பேட்டரி மிஷினும் புதுசு, பெட்டியும் புதுசு. இதுக்கு எங்க அக்கா எந்த நகையக் கொண்டுபோயி வச்சான்னு நான் கேக்க மாட்டேன். எனக்கு எதுக்கு ஊர் வம்பு.

நல்லாத்தான் அடுக்கியிருக்கான். மூணு மூலத் தலைக்கு ஒரு பிட்டு, நட்சத்திரத் தலைக்கு ஒரு வரிசை, நடுவுல ஓட்ட விழுந்த நட்சத்திரத்துக்குத் தனியா இன்னொரு வரிசை. ஏம் வே, நீரு நெலைக்குக் கதவு மாட்டப் போறீரா, கரண்டு மீட்டரக் கழட்டப் போறீரா? நம்ம பக்கத்து மர வேலைக்கு வர்ற ஸ்க்ரூ பூராத்தையும் ஒரு சாக்குல கொட்டும். முக்காலே மூணுவீசம் நாம ஸ்டாருன்னு சொல்லுத பெருக்கல் குறித் தலையாத்தான் கெடக்கும். அதுக்கு ரெண்டாம் நம்பர் பிட்டு ஒண்ணு போதும். மிச்சம் பழைய வீட்டுக் கீலுல இருக்க ஒத்தக் கோட்டுப் பித்தள ஸ்க்ரூ. அத மிஷினு போட்டு முடுக்குதவன நான் வேடிக்கதான் பாப்பேன், தடுக்க மாட்டேன். கோட்ட விட்டு பிட்டு நழுவி மரத்துல கீறல் போட்டதும் அவனே கைத் திருப்புளியத் தேடுவான்.

அந்த ஸ்டார்லயும் ரெண்டு தினுசு இருக்கு, கேட்டீரா. ஒண்ணு பி.எச்., இன்னொண்ணு பி.இசட். முன்னதுக்குக் காப்புரிமை 1936-ல அமெரிக்காவுல ஹென்றி பிலிப்ஸ் வாங்குனது. அதோட குழி உள்ள போகப் போகச் சரிஞ்சு குறுகும். அதனால முடுக்கம் கூடுனா பிட்டு தன்னால மேல ஏறி வெளிய வந்துரும். பி.இசட்.ல அந்தச் சரிவு கெடையாது, சுவரு நேரா நிக்கும். தலையில பெருக்கல் குறிக்கு ஊடால மெல்லிசா இன்னும் நாலு கீறல் தெரிஞ்சா அது பி.இசட். அடுக்களை அலமாரிக்கு ஹெட்டிச், ப்ளூம்னு கீலு வாங்குதீருல்லா, அதச் சரிபண்ணுத திருகு பி.இசட். ரெண்டுதான். அதுல பி.எச். பிட்டப் போட்டும் திருகலாம். கொஞ்ச நாளைக்குத் திருகலாம். அப்புறம் குழி வட்டமாயிரும், கதவு ஒரு பக்கமாத் தொங்கும், வீட்டுக்காரரு ஒமக்குப் போன் போடுவாரு, நீரு எடுக்க மாட்டீரு. இந்தா, பெட்டியில பி.இசட். ரெண்டு மூணு கெடக்கு. ஒண்ண நான் வச்சுக்கிடுதேன். ஒமக்கு எதுக்கு அம்புட்டுப் பாரம்.

சரி, ஹோல்டர் எங்க? ஆங், மூலையில ஒண்ணே ஒண்ணு. நூத்தேழு உருப்படியும் இந்த ஒருத்தன் தோள்ல ஏறித்தான் ஊர்வலம் போவணும். அந்த ஒருத்தனப் பெட்டிக்காரன் ஓசிக்குப் போட்டிருக்கான். மிஷினு வாங்க மூணு கடை ஏறி எறங்குனீரு, வோல்ட் கேட்டீரு, பேட்டரி எத்தன ஆம்பியர்னு கேட்டீரு, கடைக்காரன் மயங்கி விழுத அளவுக்குக் கேள்வி கேட்டீரு. மிஷினோட பலம் பூரா இந்த விரல் நீள இரும்பு வழியாத்தான் ஸ்க்ரூ தலைக்குப் போவும்னு மட்டும் கேக்க மறந்துட்டீரு.

ஒரு பிட்ட எடுத்து இந்த ஹோல்டர்ல சொருகும். காம்பு ஆறு பட்டை, கால் இஞ்சு. மில்லிமீட்டர்ல 6.35. ஒலகம் பூரா இதே அளவுதான், அதனால எவன் பிட்டும் எவன் ஹோல்டர்லயும் போவும். போவும், ஆனா உக்காராது. இப்ப நுனியப் பிடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டும். டக் டக்குன்னு கேக்குதா? ஓட்டை பெருசு. இனி ஹோல்டர மிஷினுல மாட்டி மெதுவாச் சுத்த விடும். என் காதுல இருக்க பென்சில எடுத்து பிட்டு நுனிக்குப் பக்கத்துல அசையாமப் பிடியும். நுனி ஒரு சுத்துக்கு ஒருக்க மொனையத் தொட்டுத் தொட்டு விலகுதா? ஸ்க்ரூ தலைக்குள்ளயும் அதே கூத்துதான் நடக்கும். ஏற்கெனவே சரிவான குழி, அதுல வட்டம் போடுத பிட்டு. நாலு ஸ்க்ரூ முடுக்குததுக்குள்ள ஒரு தலை மழுங்கிரும். நீரு ஸ்க்ரூ கம்பெனிக்காரனத் திட்டுவீரு. அவன் பாவம், எங்கயோ இருக்கான்.

ஹோல்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாரும். அடியில வட்டமாக் காந்தம் மின்னுது. விளிம்புக்குக் கொஞ்சம் உள்ள மெல்லிசா ஒரு கம்பி வளையம் இருக்கான்னு விரல் விட்டுத் தடவும். இல்ல, என்ன? அப்ப வெறும் காந்தந்தான் பிடிக்கும். ஸ்க்ரூ நல்லா இறுகுனதுக்குப் பெறவு மிஷின வெளிய இழுத்தீருன்னா பிட்டு ஸ்க்ரூ தலையிலயே நிக்கும், ஹோல்டர் மட்டும் ஒம்ம கூட வரும். ஏணி மேல நின்னு பரண் வேலை பாக்கும்போது இது நடந்தா கீழ நிக்குதவங்களுக்கு நல்லாப் பொழுது போவும். வளையம் போட்டது பிட்டக் கெட்டியாப் பிடிக்கும், ஆனா மாத்தணும்னா குறடு வச்சுப் பிடுங்கணும். மூணாவது ஒண்ணு உண்டு. வெளிய ஒரு கழுத்துப் பட்டை இருக்கும், அத இழுத்தாத் தொறக்கும், விட்டாப் பூட்டும், உள்ள சின்னக் குண்டு பிட்டக் கவ்விக்கிடும். அடியில காந்தமும் இருக்கும். வாங்குதா இருந்தா அத வாங்கும். குட்டையாப் பாத்து வாங்கும், 60 மில்லிமீட்டருக்குள்ள.

இதுல இன்னொரு சங்கதி. பெட்டியில இருக்க பிட்டு பூரா 25 மில்லிமீட்டர் குட்டதான். கடையில 50 மில்லிமீட்டர் நெட்ட பிட்டும் விக்கான், காம்பச் சுத்தி ஒரு பள்ளம் ஓடும். இம்பாக்ட் மிஷின் வாயில இருக்க குண்டு அந்தப் பள்ளத்துலதான் உக்காரும். அந்த பிட்டுக்கு ஹோல்டரே தேவையில்ல. நேரா மாட்டும், முடுக்கும், போம். ஹோல்டர் இல்லாட்டா ஆட்டம் ஒரு மடங்கு கொறைஞ்சுது. ஹோல்டர் எப்படிப் பாத்து வாங்கணும்னு சொல்ல ஆரம்பிச்சவன் ஹோல்டரே வேண்டாம்னு சொல்லுதேன் பாரும், என்ன மாமனோ.

இம்பாக்ட் மிஷின்ல குட்ட பிட்டுதான் போடுவேன்னு அடம் பிடிச்சீருன்னா இம்பாக்டுக்குன்னு எழுதுன ஹோல்டரா வாங்கும். அந்த மிஷினு சும்மா சுத்தலய்யா, இறுக இறுக உள்ள சுத்தியல் கணக்கா அடிக்குது, நிமிஷத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல. சாதா ஹோல்டர்ல காம்பும் குழலும் தனித்தனியாச் செஞ்சு ஒண்ணோட ஒண்ண அழுத்திச் சொருகியிருப்பான். அந்த அடியில குழல் கழண்டு தனியாச் சுத்தும், காம்பு தனியாச் சுத்தும். பாக்க அழகாத்தான் இருக்கும், வேலைதான் நடக்காது. பிட்டுலயும் ரொம்பக் கெட்டியாப் பதம் போட்டது பட்டுன்னு ஒடிஞ்சுரும். இம்பாக்டு பிட்டுக்கு நடுவுல இடுப்பு மெலிசா இருக்கும், அங்கன லேசா முறுக்கிக் கொடுத்து அடியத் தாங்கிக்கிடும். விறைப்பா நிக்குதவன் ஒடிவான்னு ஒம்ம அப்பாவுக்கு நான் சொன்னேன், கேட்டாரா?

காந்தத்த ரொம்ப நம்பாதியும். ஒரே நாள்ல கறுப்பு ஸ்க்ரூ ஆயிரம் முடுக்கலாம், எல்லாத்தையும் நுனியில ஒட்டிக்கிட்டு வரும். ஒத்தக் கையில ஸ்க்ரூ வைக்கலாம், மத்தக் கையில பலகையப் பிடிக்கலாம், எல்லாம் நல்லதுதான். தேக்குக் கதவுக்குப் பித்தளக் கீலுன்னு வச்சுக்கிடும், பித்தள ஸ்க்ரூ காந்தத்தச் சட்டையே பண்ணாது. 304 கிரேடு எவர்சில்வர் ஸ்க்ரூவும் அப்படித்தான். தவிர, இரும்புக் கீலுல ஓட்ட போட்டாச் சிந்துத இரும்புத் தூளு பூராவும் ஹோல்டர் வாய்க்குள்ள போயி காந்தத்துல அப்பிக்கிடும். பெறவு பிட்டு அடி வரைக்கும் போவாது, மேலயே நின்னு ஆடும். ஹோல்டர் கெட்டுப் போச்சுன்னு தூக்கி எறிஞ்சவன நான் கண்டிருக்கேன். ஒட்டுற டேப்ப விரல்ல சுத்தி உள்ள விட்டு எடுத்தா அம்புட்டுத் தூளும் வந்துரும். அவன் எறிஞ்சத நான் எடுத்தேன், இந்நா வரைக்கும் ஓடுது. அவன்கிட்டச் சொல்லீராதியும்.

பித்தள ஸ்க்ரூன்னதும் ஞாபகம் வருது. செங்கோட்டை மில்லுல அறுத்த வைரம் பாஞ்ச தேக்குல பித்தளைய நேரா மிஷினு போட்டு முடுக்கிப் பாரும், கழுத்தோட முறிஞ்சு உள்ளயே சமாதி ஆயிரும். மொதல்ல துளை. 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீட்டர். அப்புறம் அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒண்ண முடுக்கிக் கழட்டும், மரத்துல வழி ஏற்பட்டுரும். பித்தளையில கொஞ்சம் மெழுகுவத்தியத் தேச்சு, கையால முடுக்கும். ஆமா, கையால. நூத்தியெட்டு உருப்படி வாங்குனவருக்குக் கை இல்லியா?

அந்தத் துளை போடுததுலயும் ஹோல்டரக் கொண்டுவராதியும். இப்பத்திப் பிள்ளைகளுக்கு இது ஒரு நோயி. டிரில் பிட்டுக்கும் ஆறு பட்டைக் காம்பு வந்துட்டு, அதையும் ஹோல்டர்ல சொருகி, 3 மில்லிமீட்டர் துளை கேட்டா மூணரை போட்டுத் தருவான். ஸ்க்ரூ பிட்டு கொஞ்சம் ஆடுனாலும் தலைக்குழி பிடிச்சு நிறுத்தும். டிரில் பிட்ட யாரு பிடிப்பா? அதுக்குச் சக்குதான். மூணு தாடையும் சேந்து கவ்வணும். எங்க காலத்து வில்லுத் துரப்பணத்துல ஊசியத் தண்டோட அடிச்சு எறக்கியிருப்போம், ரெண்டும் ஒரே உடம்பு. வில்லு முன்ன போனாலும் துளைக்கும் பின்ன வந்தாலும் துளைக்கும். ஊசி மாத்தணும்னா அரை நேரம் போவும். மாத்த மாட்டோம், அதனாலதான் துளை நேரா இருந்துது.

ஒரு பக்கம் துளை, திருப்பி மாட்டுனா ஸ்க்ரூன்னு ஒரு ஹோல்டர் விக்கான்ல்லா, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஒத்த மிஷின்காரனுக்கு பிளைவுட் வேலையில நேரம் மிச்சம். ரெண்டு மிஷின் இருந்தா ஒண்ணுல டிரில், ஒண்ணுல ஸ்க்ரூ, அதோட கதை முடிஞ்சுது.

நெட்ட ஸ்க்ரூவுக்கு, 75 மில்லிமீட்டர் போல உள்ளதுக்கு, மேல சட்டை போட்ட ஹோல்டர் ஒண்ணு வச்சுக்கிடும். குழாய முன்னால இழுத்து விட்டா ஸ்க்ரூ அதுக்குள்ள நேரா நிக்கும், பித்தளையோ எவர்சில்வரோ எதானாலும் சாயாது. சட்டைய விரலால பிடிச்சுக்கிடலாம், உள்ள தண்டு மட்டும் சுத்தும். ஆனா மூலையில போவாது, உடம்பு பெருசு. பாலீசு போட்ட பலகையில கடைசி வரைக்கும் அமுக்குனா வட்டமா முத்திரையும் வச்சுரும். கடைசி ரெண்டு சுத்துக்கு அத மேல தூக்கீரும்.

பெட்டிக்கு அடியில சுருட்டி வச்சிருக்கது என்ன, பாம்பா? வளையுத தண்டா! இதத்தான் நான் எதிர்பாத்தேன். கீலுத் திருகு கொஞ்சம் சரிபண்ண ஆவும். மரத்துல ஸ்க்ரூ ஏத்தப் போனா அது முறுக்கிக்கிட்டு ஒம்ம கைய அடிக்கும். 300 மில்லிமீட்டர் நெட்டத் தண்டும் இருக்கே! டிராயர்ப் பெட்டிக்குள்ள கை எட்டாத எடத்துக்கு மட்டும் எடும். நீளம் கூடக் கூட நுனி ஆட்டமும் கூடும். அத மாட்டிக்கிட்டு தூரத்துல நின்னு வேலை பாக்கலாம்னு நெனைச்சீருன்னா, வேலையும் ஒம்மள விட்டுத் தூரத்துலயே நிக்கும்.

சரி, எழுந்திரியும். பெட்டியத் திருப்பிக் குடுக்க முடியுமான்னு கேளும். முடியலன்னா அந்த ஓட்ட நட்சத்திரம் பூராத்தையும் பிள்ளைகளுக்கு வெளையாடக் குடுத்துரும். கழுத்துப் பூட்டு ஹோல்டர் குட்டையா ஒண்ணு, சட்டை போட்டது ஒண்ணு, பி.எச். ரெண்டு பிட்டு ஒரே கம்பெனியில பத்து, பி.இசட். ரெண்டு ரெண்டு. அம்புட்டுதான் ஒமக்கு வேணும். பிட்டு நுனி மழுங்குனா அழுதுக்கிட்டே வச்சிருக்காம எறிஞ்சுட்டு அடுத்தத எடும், பத்து வாங்குனது அதுக்குத்தான். என் பென்சிலையும் கொண்டு போம். கடையிலயே பாக்கெட்டப் பிரிச்சு, பிட்டு மாட்டி, சுத்திப் பாக்கணும்னு சொல்லும். பிரிக்க விட மாட்டேன்னு கடைக்காரன் சொன்னான்னா, வாங்காம வாரும்.