லஸ்கர் தாத்தன் சொல்றேன், கேட்டுக்கோ

ஏண்டா பேராண்டி, பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறவன் நீ. கோமுகி அணையில மதகு திருப்பிட்டு ரிட்டயர் ஆனவன் நான். ஒத்தை வார்த்தைக்காக நீ ராத்திரி பூரா லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தா, கரண்டு பில்லு கட்டுறவன் வாய் சும்மா இருக்குமா?

‘உதரிங் ஹைட்ஸ்’. எமிலி பிரான்ட்டே 1847-ல ‘எல்லிஸ் பெல்’னு பொய்ப் பேருல போட்ட நாவல். அதுல கதாநாயகன் ஹீத்கிளிஃபை ‘டார்க்’னு எழுதியிருக்கு. தோலு கறுப்பா, முடி கறுப்பா, மனசு கறுப்பா? இதானே உன் ரோதனை?

டிக்சனரியை மூடு. நம்ம கல்யாணத் தரகர் ‘பொண்ணு செவப்பு’ன்னா நீ மொளகாப்பழ நிறத்தையா தேடுற? ‘மாநிறம்’னா, பொண்ணு பார்க்கப் போற நாள் வரைக்கும் அதுக்கு ஒரு நிறமும் கெடையாது. தொல்காப்பியர் இன்னும் கெட்டிக்காரர். கறுப்பு, சிவப்பு ரெண்டும் கோவத்தைச் சொல்ற வார்த்தை, நிறத்துக்கும் ஆகும்னு எழுதி வச்சிட்டாரு. ஹீத்கிளிஃப் மூஞ்சியைப் பார்க்காமலே!

அதனால நிறத்தை விடு, அதைச் சொல்ற வாயைப் பாரு. குடித்தனத்துக்கு வந்த லாக்வுட் அவனை ஜிப்சி மாதிரிங்கறான். லிவர்பூல் தெருவுலேருந்து தூக்கியாந்த பெரியவர் எர்ன்ஷா, கடவுள் குடுத்த புள்ளைன்னும் சொல்லுவாரு, பிசாசுகிட்டேருந்து வந்தாப்பல கறுப்புன்னும் சொல்லுவாரு. ரெண்டு பக்கமும் துண்டு போட்டு வைக்கிற ஆளு. வேலைக்காரி நெல்லி, பையன் அழுவக் கூடாதேன்னு, உங்கப்பன் சீன ராஜாவா இருப்பான், ஆத்தா இந்திய ராணியா இருப்பாங்கறா. பணக்கார லிண்டன் இருக்காரே, அவரு ‘லஸ்கர்’ங்கறாரு.

லஸ்கர்னா யாரு? சாட்சாத் உன் தாத்தன்தான்டா! பாரசீகத்துல அது படை. போர்ச்சுகீசியர் வாய்ல பொரண்டு கப்பலேறி, வெள்ளைக்காரன் கப்பல்ல கூலிக்குப் போன நம்ம நாட்டு மாலுமிக்குப் பேரா ஆயிடுச்சு. அப்புறம் பட்டாளத்துல பீரங்கி இழுக்கிறவன், கூடாரம் அடிக்கிறவன். கடைசியா பொதுப்பணித்துறையில தண்ணி தொறக்கிறவன். 46 அடி அணைக்குக் காவலா நின்னப்போ, நான் ஒரு இங்கிலீஷ் கதாநாயகனுக்கு ஒறமொறைன்னு எந்த இன்ஜினியரும் சொல்லலை. தெரிஞ்சிருந்தா ஒரு இன்கிரிமென்ட் கேட்டிருப்பேன்.

ஹீத்கிளிஃப் வந்த புதுசுல ஒருத்தருக்கும் புரியாம என்னமோ உளறுனானாம். அது சுத்தத் தமிழாவே இருந்தாலும் அந்த வீட்டுக்கு உளறல்தான். அவன் ஐரிஷ் பையன்னு படிச்சவங்கள்ல ஒரு கட்சி, ஆப்பிரிக்காக்காரன்னு ஒரு கட்சி. கதை நடக்கிற காலத்துல லிவர்பூல் அடிமை யாவாரத்துக்குப் பேர்போன துறைமுகம், ரெண்டாங் கட்சிக்கு அது பலம். அவனே லிண்டன் மகன் எட்கரைப் பார்த்து, எனக்கும் வெளுத்த தோலும் வெளிர் முடியும் இருந்தா தேவலையேன்னு ஏங்குறான். ஆனா வேற எடத்துல மூஞ்சி வெளிறிப்போச்சுன்னும் வருது. சினிமாக்காரங்களும் ரெண்டு பக்கமும் ஓடிட்டாங்க. 1939-ல லாரன்ஸ் ஒலிவியர், வெள்ளைக்காரர். 2011-ல ஜேம்ஸ் ஹௌசன், கறுப்பினத்தவர்.

நம்ம கல்வராயன் மலைக்கே வா. மேல இருக்கிற சனத்துக்கு சர்க்கார் பட்டியல்ல ‘மலையாளி’ன்னு பேரு. பேசுறது தமிழ். மலையை ஆள்றவங்கன்னு அதுக்கு அர்த்தம் சொல்லுவாங்க. பேரை மட்டும் காகிதத்துல பார்த்தவன் கேரளாவுக்கு டிக்கெட் எடுத்துருவான். வெள்ளிமலையில போயி ‘நீங்க எந்த ஊரு’ன்னு கேட்டா ஒரு நிமிசத்துல தீர்ந்துரும். ஹீத்கிளிஃபை அப்படி யாரும் கேக்கலை. அவனை வச்சிக்கிட்டே அவனைப் பத்தி ஆளாளுக்குப் பேசிக்கிட்டாங்க.

பரிச்சையில ‘அவன் இன்ன நிறம்’னு எழுதிராதே. எந்த வார்த்தையை யாரு, எப்போ, எதுக்காகச் சொன்னாங்கன்னு எழுது. அவன் நம்மாளு இல்லைன்னு அந்த ஊரே நெனச்சுது, அது நிச்சயம். அதுக்கு மேல எமிலி சொல்லலை, நீயும் சொல்லாதே. இப்ப லைட்டை அணைச்சிட்டுப் படு.