இதயத்துக்குப் பட்டா போட்டவர்கள்

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்க இயற்கை ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே புறம்போக்கில் இன்னொரு பாதை இருக்கும். இறங்கிய மின்சாரம் அதன் வழியே ஏறி வந்து வட்டமடிக்கும். இதயம் தறிகெட்டு ஓடும். உல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூவர் 1930இல் இதைப் பற்றி எழுதினார்கள். நோய்க்கு அவர்கள் பெயர் நிலைத்தது; நோயாளிக்குப் படபடப்பு நிலைத்தது.

1968இல் அமெரிக்காவின் டியூக் மருத்துவமனையில் ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்தார் டாக்டர் சீலி. துடிக்கிற இதயத்தின் மேல் மின்முனையை இங்கே தொட்டு, அங்கே தொட்டு, கீழறையில் மின்சாரம் எந்த இடத்துக்கு முந்தி வந்து சேருகிறது என்று பார்த்தார்கள். சங்கிலி பிடித்து நிலம் அளக்கிற சர்வேயர் வேலைதான். என்ன, நிலம் குதித்துக்கொண்டிருந்தது. பாதை அகப்பட்டது, கத்தி வைத்துத் துண்டித்தார்கள். படபடப்புக்காக நெஞ்சைப் பிளப்பதா என்று கேட்கலாம். அன்றைக்கு வேறு வழி ஏது?

வேறு வழியைக் காட்டியது பாரிஸில் நடந்த ஒரு விபத்து. நோயாளியின் இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் இருக்கும்போதே வெளியிலிருந்து ஷாக் கொடுத்தார்கள். அது கதீட்டர் வழியாக உள்ளே பாய்ந்து, ஒழுங்காக இருந்த ஒரே பாதையையும் நிரந்தரமாகப் பொசுக்கிவிட்டது. வேறு யாராவது என்றால் கேஸ் ஷீட்டே காணாமல் போயிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1979இல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்! 1981இல் சான் பிரான்சிஸ்கோவின் ஷைன்மன் அதே காரியத்தை வேண்டுமென்றே செய்தார். அதற்குச் சிகிச்சை என்று பெயர். சில வருடங்களில் ஷாக் போய், ரேடியோ அலையால் பதமாகச் சுடும் முறை வந்தது.

சுட ஆயுதம் வந்தாயிற்று. இடம் தெரிய வேண்டாமா? எக்ஸ்ரே நிழலைப் பார்த்துத் தடவிக்கொண்டிருந்தார்கள். இஸ்ரேலின் பென்-ஹைம் 90களில் படுக்கைக்கு அடியில் காந்தப்புலம் வைத்து, கதீட்டரின் நுனி இருக்குமிடத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வைத்தார். திரையில் இதயம் வண்ணப் படமானது. மின்சாரம் முந்தி வருமிடம் சிவப்பு, பிந்தி வருமிடம் ஊதா.

மிச்சமிருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மேலறை முழுக்கக் கலவரமாக நடுங்கும் நோய். பல அலைகள் திக்குத்தெரியாமல் சுற்றுகின்றன என்பது அன்றைய சித்தாந்தம். அவை திரும்ப இடமில்லாதபடி 1987இல் டாக்டர் காக்ஸ் மேலறையையே கீறித் தைத்துச் சந்துபொந்தாக்கினார். பலனும் கிடைத்தது, அதுதான் வேடிக்கை.

1998இல் பிரான்ஸின் போர்தோவில் ஹைசாகெர் குழு 45 நோயாளிகளை அளந்து பார்த்தது. கலவரத்தைக் கிளப்பிவிடும் 69 இடங்கள் அகப்பட்டன. அவற்றில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள். நல்ல ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வெறும் குழாய் என்று யாரும் சந்தேகிக்காத இடம்!

குழாய்க்குள்ளேயே புகுந்து சுட்டார்கள். சில சிரைகள் சுருங்கிப்போயின. பிறகுதான் புத்தி வந்து, வாசலைச் சுற்றிச் சுட்டு வேலி போட்டார்கள். சிலருக்கு உள்ளே இன்னமும் அந்தச் சிரை தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருப்பது பதிவில் தெரியும். மேலறை கண்டுகொள்வதில்லை.