'இ1'க்குப் பொழிப்புரை கோரி ஒரு விண்ணப்பம்

மின்சார பிரஷர் குக்கர் தயாரிக்கும் நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

உங்கள் குக்கர் பொய் சொல்லாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சூட்டுத்தட்டின் நடுவில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு பொத்தானுக்குள் தெர்மிஸ்டர் என்றொரு உணரி இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஆற ஆறக் கூடும். அதன் கம்பி அறுந்தால் தடை எல்லை கடந்துபோய், சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறையும் கணக்குப்படி சைபீரியாவாகிவிடும். இப்படியொரு குளிர் எந்த அடுப்படியிலும் அடிக்காது என்று புரிந்துகொண்டு, சூடேற்றுவதை நிறுத்தி, 'இ1' என்றோ 'சி1' என்றோ காட்டும் அளவுக்குக் குக்கருக்கு அறிவு உண்டு. கையேட்டுக்குத்தான் திடீரென்று வெட்கம் வந்துவிடுகிறது: "உணரிக் கோளாறு, சேவை மையத்தை அணுகவும்." வைத்தியர் மருந்துச் சீட்டில் "உடம்பு சரியில்லை, வைத்தியரைப் பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

மின்சாரமும் அழுத்தமும் சேர்ந்த பொருள், கண்டவர் கை வைத்தால் ஆபத்து என்பீர்கள். நியாயம்தான். ஆனால் விசில் குக்கருக்குள்ளும் அழுத்தம்தான் இருக்கிறது. அதன் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் பாத்திரக் கடையில் கேட்டால் கிடைக்கின்றன, வீட்டிலேயே மாற்றுகிறார்கள். தெர்மிஸ்டரைச் சோதிப்பதோ பிளக்கைப் பிடுங்கி, குக்கர் ஆறிய பிறகு செய்கிற வேலை. மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளந்தபடி, பொத்தானை விரலால் பொத்தினால் எண் மெல்ல இறங்க வேண்டும். இறங்கினால் உணரி பெரும்பாலும் நலம். இணைப்பு தளர்ந்திருக்கலாம், கஞ்சி வழிந்து உள்ளே இறங்கியிருக்கலாம். அதற்கெல்லாம் புதுக் குக்கர் வேண்டியதில்லை. (வேண்டும் என்று தோன்றுவது உங்கள் விற்பனைப் பிரிவுக்கு மட்டும்.)

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அறை வெப்பத்தில் 50 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டரும் உண்டு, 100 காட்டுவதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது வேண்டும் என்று நீங்கள் சொல்லாததால், தெருமுனை மெக்கானிக் கைக்கு வந்ததை மாட்டுகிறார். 50 இருந்த இடத்தில் 100 போனால், குக்கர் உள்ளதைவிடக் குளிர்ச்சி என்று எண்ணி மேலும் சூடேற்றும். அதைத் தடுக்க வெப்ப ஃபியூஸ் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். கடைசித் தற்காப்பை அன்றாடக் காவலுக்கு நிறுத்துவதற்குப் பாதுகாப்பு என்று பெயரில்லை. மக்கள் பாதுகாப்புக்காக நீங்கள் காக்கும் மௌனம்தான் அடுப்படிக்கு ஆபத்தைக் கொண்டுவருகிறது.

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் மத்திய அரசு இணையதளமே திறந்துவிட்டது. நாங்கள் கேட்பது அவ்வளவு பெரிதில்லை. பிரியாணிக்கும் கேக்குக்கும் வண்ணப்படம் போட்ட கையேட்டின் கடைசிப் பக்கத்தில், 25 டிகிரியில் உங்கள் தெர்மிஸ்டர் எத்தனை கிலோ ஓம் காட்டும் என்று ஒரே ஒரு வரி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்